ஃபுளோரிடா ஸ்டேட் ஏ.சி.சி.யை விட்டு விலகலாமா?

கேள்வி இதுதான்: ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் (இனி எஃப்.எஸ்.யு.) இப்போதிருக்கும் ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்ற விளையாட்டுக் கூட்டமைப்பை விட்டுவிட்டு, அதிகப் பணம் புழங்கும் பிக் டென், எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்ற வேறு கூட்டமைப்புகளில் ஒன்றில் சேர வேண்டுமா? சேர்வதென்றால் எப்போது?

2030-31க்கு முன்னால் போகக் கூடாது. அப்போதும் டிவிப் பணத்தில் முழுப் பங்கு எழுத்தில் கிடைத்தால் மட்டும் போகலாம். அரைப்பங்குக்குப் போவதென்றால் இருக்கும் இடமே மேல். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் விளையாட்டுக் கூட்டமைப்பு. யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணையை அதுதான் போடுகிறது. அதைவிட முக்கியம், உறுப்பினர்களின் ஆட்டங்களை மொத்தமாக டிவிக்கு விற்று வரும் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும் அதுதான். அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவருவது அமெரிக்கன் ஃபுட்பால். கைப்பந்து, சாஃப்ட்பால், நீச்சல், ஓட்டம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. கூட்டமைப்பு மாறும் முடிவை ஃபுட்பாலுக்காக எடுப்பார்கள். அதன் அலுப்பை மற்ற அணிகள் சுமக்கும்.

எஃப்.எஸ்.யு. 1991-இல் ஏ.சி.சி.யில் சேர்ந்தது. பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த அதிருப்தி 2023 டிசம்பரில் வெடித்தது. அந்த சீசனில் அணி 13 ஆட்டங்களில் பதின்மூன்றையும் வென்றது. அப்படியும் நான்கு அணிகள் ஆடும் தேசிய ப்ளேஆஃபில் இடம் தரவில்லை. (பிறகு சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது தனிச் சோகம்; முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் அதில் இறங்கவே இல்லை.) அதே மாதம் 22ஆம் தேதி அறங்காவலர் குழு கூடி, ஏ.சி.சி. மீது லியான் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஏ.சி.சி. சும்மா இருக்கவில்லை. முந்தின நாளே வட கரோலினாவில் எதிர்வழக்குப் போட்டு வைத்திருந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு ஏ.சி.சி. உறுப்பினரான கிளெம்சனும் தன் மாநிலத்தில் ஒரு வழக்கோடு சேர்ந்துகொண்டது.

விலகுவதற்கு ஆகும் செலவு என்று எஃப்.எஸ்.யு. தன் மனுவில் சொன்ன மொத்தத் தொகை 57.2 கோடி டாலர். அதில் விலகல் கட்டணம் ஏறத்தாழ 13 கோடி. 42.9 கோடி ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு. மிச்சம் சில்லறை. விலகல் கட்டணத்தைவிட உரிமையின் மதிப்பு மூன்று மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். விவாதிப்பவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

விலகல் கட்டணம் என்பது சங்கத்திலிருந்து வெளியே போவதற்கான அபராதம். அது அதிகம் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம், பேரம் பேசிக் குறைக்கலாம். மேரிலாண்ட் 2012 நவம்பரில் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தபோது ஏ.சி.சி. கேட்டது 5.2 கோடிக்கு மேல், 2014-இல் 3.1 கோடிச் சொச்சத்தில் சமரசமாயிற்று. அந்தப் பணத்தையும் மேரிலாண்ட் கையிலிருந்து எண்ணிக் கொடுக்கவில்லை. அதற்கு வரவேண்டியிருந்த பங்கை ஏ.சி.சி. பிடித்து வைத்திருந்தது, அப்படியே வைத்துக்கொண்டது. நடைமுறை பெரும்பாலும் இதுதான். விலகுவதாக நோட்டீஸ் கொடுத்த மறுநாளிலிருந்து உங்கள் வருமானம் நின்றுபோகலாம். புதிய இடத்தில் முதல் காசோலை வரும்வரை ஓர் ஆண்டுக்கு மேல் எதை வைத்து ஓட்டுவது என்பதை முதலிலேயே திட்டமிடாதவர்கள் கடனில் விழுகிறார்கள்.

ஒளிபரப்பு உரிமை வேறு. மேரிலாண்ட் போன சூட்டில், மற்றவர்களும் ஓடிவிடக் கூடாது என்று 2013-இல் ஏ.சி.சி. உறுப்பினர்கள் எல்லோரும் 'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்' என்ற பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். எங்கள் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைக் கூட்டமைப்புக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம், நாங்கள் விலகினாலும் உரிமை அங்கேயே இருக்கும் என்பது அதன் சாரம். 2016-இல் ஏ.சி.சி. நெட்வொர்க் என்ற டிவி சேனலைத் தொடங்குவதற்கான ஒப்பந்தத்தோடு அந்தக் கெடுவை 2036 வரை நீட்டினார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே போகலாம்; ஆனால் விற்பதற்குக் கையில் சரக்கு இருக்காது. எந்தக் கூட்டமைப்பு அப்படி ஒரு உறுப்பினரைச் சேர்த்துக்கொள்ளும்? டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 கூட்டமைப்பை விட்டு ஓர் ஆண்டு முன்னதாக எஸ்.இ.சி.க்குப் போக இருவரும் சேர்ந்து 10 கோடி டாலர் கொடுத்ததும் இதே பத்திரத்தின் கடைசி ஓர் ஆண்டுக்காகத்தான். எஃப்.எஸ்.யு.வுக்குப் பன்னிரண்டு ஆண்டு மிச்சமிருந்தது.

2025 மார்ச் 4 அன்று எல்லா வழக்குகளையும் முடித்துக்கொண்ட சமரசம் இந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. விலகுபவர் ஒரே ஒரு கட்டணத்தைக் கட்டினால் போதும், ஒளிபரப்பு உரிமை அவரோடு போய்விடும். அந்தக் கட்டணம் 2025-26-இல் 16.5 கோடி. அதன்பின் ஆண்டுக்கு 1.8 கோடி வீதம் இறங்கும்: 2026-27-இல் 14.7, அடுத்து 12.9, பிறகு 11.1, 2029-30-இல் 9.3, கடைசியாக 2030-31-இல் 7.5 கோடி. அதற்குக் கீழே போகாது. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.8 கோடி மிச்சம். வேறெந்த முதலீட்டிலும் எஃப்.எஸ்.யு.வுக்கு இவ்வளவு நிச்சயமான லாபம் கிடையாது.

சமரசத்தின் இரண்டாவது பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. டிவிப் பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கும் பழைய முறை போய்விட்டது. இனி 40 சதவீதம்தான் சமப் பங்கு. 60 சதவீதம் எந்த அணியின் ஆட்டத்தை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற ஐந்தாண்டுச் சராசரியை வைத்துப் பிரிக்கப்படும். அதிகம் பார்க்கப்படும் அணிகளுக்கு இதனால் ஆண்டுக்கு 1.5 கோடி வரை கூடுதலாக வரலாம் என்பது கூட்டமைப்புத் தரப்பு மதிப்பீடு. அந்த வரிசையின் முன்னால் நிற்கும் பெயர்களில் எஃப்.எஸ்.யு.வும் ஒன்று. ஆக, "நாங்கள்தான் கூட்டத்தைக் கூட்டுகிறோம், பங்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றா?" என்ற பழைய புகாரில் பாதி தீர்ந்துவிட்டது.

இனி கணக்கு. 2023-24-இல் ஏ.சி.சி. ஒரு ஃபுட்பால் உறுப்பினருக்குச் சராசரியாகக் கொடுத்தது ஏறத்தாழ 4.5 கோடி டாலர். எஸ்.இ.சி. 5.25 கோடி அளவில். பிக் டென் 6.3 கோடி அளவில். பிக் டென்னோடு இடைவெளி 1.8 கோடி. இதோடு ப்ளேஆஃப் பணத்தைச் சேர்க்க வேண்டும். 2026-27-இல் தொடங்கி ஆறு ஆண்டுக்கு ஈ.எஸ்.பி.என். என்ற டிவி நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் கொடுக்கிறது. அதில் பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் தலைக்கு 29 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன; ஏ.சி.சி.க்கு 17 சதவீதம். ஓர் உறுப்பினருக்கு என்று பிரித்தால் அங்கே 2.1 கோடி, இங்கே 1.3 கோடி என்ற அளவில் வரும். ஆக இன்னொரு 80 லட்சம். மொத்த இடைவெளி ஆண்டுக்கு 2.6 கோடி.

7.5 கோடியை 2.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். மேடையில் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பார்வையாளர் பங்கால் வரக்கூடிய 1.5 கோடி கூடுதல், ஏ.சி.சி.யில் இருந்தால் மட்டுமே வரும். விலகும்போது அதை இழக்கிறீர்கள். அதைக் கழித்தால் நிகர லாபம் 1.1 கோடி, பணம் திரும்ப ஏழு ஆண்டு ஆகும். 2026-27 கட்டணத்திலேயே கிளம்பினால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல். மேலே சொன்ன எண்களை வைத்துப் போட்ட கணக்கு இது. பிக் டென்னின் அடுத்த டிவி ஒப்பந்தம் பெரிதாக வந்தால் காலம் குறையும். எஃப்.எஸ்.யு. ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் குறைந்தால் ஏ.சி.சி.யில் கிடைக்கும் கூடுதலும் குறையும், 2024 போல 2-10 (இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி) என்று இன்னும் இரண்டு சீசன் போனால் குறையத்தான் செய்யும். அந்த 2-10-க்கும் கூட்டமைப்புக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆண்டு அதே ஏ.சி.சி.யிலிருந்து கிளெம்சன், எஸ்.எம்.யு. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) இரண்டும் பன்னிரண்டு அணி ப்ளேஆஃபுக்குப் போயின.

இதுவரை போட்ட கணக்கு முழுப் பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. அங்கேதான் பெரிய ஓட்டை. அண்மையில் பெரிய கூட்டமைப்புக்குள் நுழைந்தவர்களில் முழுப் பங்கோடு நுழைந்தவர்கள் குறைவு. ஓரிகனும் வாஷிங்டனும் 2024-இல் பிக் டென்னில் சேர்ந்தபோது ஆரம்பப் பங்கு ஏறத்தாழ 3 கோடி; ஆண்டுக்குப் பத்து லட்சம் கூடும், இந்த டிவி ஒப்பந்தம் முடியும்வரை அப்படியே. அதற்கு முன் 2014-இல் சேர்ந்த ரட்கர்ஸுக்கும் முழுப் பங்கு வர ஆறேழு ஆண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் கடனும் பற்றாக்குறையும்தான். ஏ.சி.சி.யிலேயே பாருங்கள்: ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழு ஆண்டுக்கு 30 சதவீதப் பங்குக்குச் சம்மதித்தன. எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுக்கு டிவிப் பங்கே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து உள்ளே வந்தது. அதற்குப் பணக்கார நன்கொடையாளர்கள் இருந்தார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள்.

எஃப்.எஸ்.யு.வுக்கு ஓரிகன் போல 3 கோடி என்று வைத்துப் பாருங்கள். இங்கே விட்டுப்போவது 4.5 கோடி. ப்ளேஆஃப் பணத்தில் 80 லட்சம் கூடினாலும் ஆண்டுக்கு 70 லட்சம் நஷ்டம். அதற்கு மேல் பார்வையாளர் பங்கும் போய்விடும், விலகல் கட்டணத்தின் வட்டி வேறு. தன் ஃபுட்பால் மைதானமான டோக் கேம்பெல் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க எடுத்த கடன் ஏற்கெனவே தலைமேல் இருக்கிறது. 2025-26 முதல் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்று, வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தால் ஆகிவிட்டது; முதல் ஆண்டு உச்சவரம்பே 2.05 கோடி. போட்டியில் நிற்க விரும்பும் அணி அதைக் கொடுத்தே தீர வேண்டும். இந்த நிலையில் ஐந்தாறு ஆண்டு அரைப்பங்கில் ஓட்ட முடியாது. ஓரிகனும் வாஷிங்டனும் ஓட்டுகின்றனவே என்றால், அவற்றின் பழைய வீடான பேக்-12 கூட்டமைப்பு இடிந்துபோயிருந்தது. எஃப்.எஸ்.யு.வின் வீடு நின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்று, யார் அழைத்தார்கள்? இப்போது நடக்கும் விவாதம், பெண் வீட்டில் கேட்காமலே மண்டபம் பிடிக்கும் கதை. எஸ்.இ.சி.யில் சேர உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். அங்கே ஃபுளோரிடா பல்கலைக்கழகம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த மாநிலத்து வீடுகளில் எஸ்.இ.சி. ஏற்கெனவே ஓடுகிறது. தவிர ஏ.சி.சி., எஸ்.இ.சி. இரண்டின் உரிமையையும் வைத்திருப்பது ஒரே ஈ.எஸ்.பி.என். தன்னிடம் ஏற்கெனவே மலிவாக இருக்கும் சரக்கை இன்னொரு அலமாரிக்கு மாற்றி அதிக விலை கொடுக்க அதற்கு என்ன அவசியம்? பிக் டென் பக்கம் தடை வேறு மாதிரி. ஏ.ஏ.யு. என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை அங்கே பெரிதாக மதிக்கிறார்கள். கடைசியாக உள்ளே வந்த நான்கு மேற்குக்கரைப் பல்கலைக்கழகங்களும் அதில் உண்டு. ஏ.சி.சி.யிலேயே இருக்கும் மயாமி பல்கலைக்கழகம் 2023-இல் அதில் சேர்ந்துவிட்டது. எஃப்.எஸ்.யு. இன்னும் இல்லை. அது விதி இல்லை என்றாலும், ஓட்டுப் போடப்போவது பல்கலைக்கழகத் தலைவர்கள், பயிற்சியாளர்கள் அல்ல.

பயணத்துக்கு வருவோம். ஃபுட்பால் அணி எங்கே போனாலும் தனி விமானத்தில் போகும், ஆண்டுக்கு நாலைந்து முறைதான் வெளியூர். சிக்கல் மற்றவர்களுக்கு. எஃப்.எஸ்.யு. இருக்கும் டலஹாசியின் விமான நிலையம் சிறியது. பெரும்பாலும் அட்லாண்டா, ஷார்லட், மயாமி, டாலஸ் என்று ஏதாவது ஒரு ஊரில் இறங்கி மாறித்தான் எங்கும் போக முடியும். பிக் டென்னின் வாஷிங்டன் இருக்கும் சியாட்டிலுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கைப்பந்து அணி வாரநாளில் அங்கே ஓர் ஆட்டம் ஆடித் திரும்ப மூன்று நாள் வகுப்பு போகும். மூன்று மணி நேர வித்தியாசத்தில் தூக்கமும் போகும். ஏ.சி.சி.யிலும் இப்போது கலிஃபோர்னியா இருக்கிறதே என்பது நியாயமான எதிர்க்கேள்வி. இருக்கிறது, ஆனால் இரண்டே இடம், ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். பிக் டென்னில் மேற்குக்கரையில் நான்கு, மற்றவை பெரும்பாலும் வடக்கே. பிப்ரவரியில் சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் தொடங்கும்போது அங்கே பனி. வடக்கு அணிகளே வெயில் தேடித் தெற்கே வருகிற மாதம் அது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஃபுட்பாலைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரிக்கலாம். நோட்டர் டேம் ஃபுட்பாலில் சுயேச்சை, 2013 முதல் பெரும்பாலான மற்ற ஆட்டங்களில் ஏ.சி.சி., ஐஸ் ஹாக்கியில் பிக் டென். கனெக்டிகட் 2020-இல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்கு 1.7 கோடி கொடுத்துவிட்டு, பாஸ்கெட்பாலுக்காகப் பிக் ஈஸ்டுக்குத் திரும்பியது. ஃபுட்பாலைச் சுயேச்சையாக விட்டுவிட்டது. 2023, 2024 இரண்டு ஆண்டும் ஆண்கள் தேசியப் பட்டம். தன் பலம் எது என்று தெரிந்து எடுத்த முடிவு. இடாஹோ 2018-இல் ஒரு படி கீழே இறங்கிப் பிக் ஸ்கைக்கே போனது. பக்கத்து மாநில எதிரிகளோடு ஆடுவதே மேல் என்ற கணக்கு. எஃப்.எஸ்.யு.வுக்கு இந்த வழி எளிதில் திறக்காது. ஃபுட்பாலோடு கைவிட்டுப் போனவரின் மற்ற அணிகளை மட்டும் வைத்துக்கொள்ள ஏ.சி.சி. எதற்குச் சம்மதிக்க வேண்டும்?

அட்டவணையையும் யோசிக்க வேண்டும். சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டம். பிக் டென்னில் ஒன்பது கூட்டமைப்புக்குள். ஃபுளோரிடாவோடும் மயாமியோடும் ஆடும் பழைய பகையாட்டங்களை விட முடியாது, டிக்கெட் விற்பதே அவற்றில்தான். மயாமியும் அப்போது வெளியார் ஆகிவிடும். மொத்தம் பதினொன்று. மிஞ்சுவது ஒன்றே ஒன்று, அதைச் சொந்த ஊரில் யாராவது சின்ன அணியோடு ஆடித்தான் டிக்கெட் வருமானத்தைச் சரிக்கட்ட வேண்டும். சறுக்கினால் எழுந்துகொள்ள இடமில்லாத அட்டவணை. நெப்ராஸ்கா 2011-இல் பிக் டென்னுக்குப் போனது, பணம் நன்றாகவே வந்தது. ஆனால் வழக்கமாக வீரர்களைத் திரட்டிய டெக்சஸ் பக்கம் ஆட்டங்கள் நின்றுபோயின. ஃபுட்பாலில் கூட்டமைப்புப் பட்டம் ஒன்றுகூட இன்னும் வரவில்லை.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா என்றால், அதுவும் ஆபத்துதான். 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து உறுப்பினர்கள் பேக்-12-ஐ விட்டுக் கிளம்பினார்கள். கடைசியில் ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் காலி வீட்டில் நின்றன. விலகல் கட்டணம் 7.5 கோடியாக இறங்குவது எஃப்.எஸ்.யு.வுக்கு மட்டும் அல்ல. கிளெம்சனுக்கும் வட கரோலினாவுக்கும் அதே விலைதான். பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 2029-30-உடன் முடிகிறது, பிக் 12-இன் ஒப்பந்தம் அதற்கு அடுத்த ஆண்டு. எல்லாக் கதவும் ஒரே பருவத்தில் திறக்கும். முதலில் நுழைபவர் பேரம் பேசுவார், கடைசியில் வருபவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

அதனால் இப்போது செய்ய வேண்டியது தயாராவது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வீதம் ஐந்து ஆண்டு ஒதுக்கினால் 7.5 கோடி கையில் இருக்கும். பார்வையாளர் பங்கில் கூடுதலாக வருவதை அப்படியே ஒதுக்கி வைத்தாலே பெரும்பகுதி தேறிவிடும். ஆனால் அந்தப் பணம் வந்தவுடன் பயிற்சியாளர் சம்பளத்துக்குப் போய்விடும் என்பதுதான் இந்தத் துறையின் வழக்கம். ஆராய்ச்சிப் பக்கத்தை உயர்த்தி ஏ.ஏ.யு. அழைப்புக்கு அடி போட வேண்டும். அது ஐந்தாண்டு வேலை, 2030-இல் தொடங்கினால் நடக்காது. வழக்கறிஞர் செலவைவிட அதில் போடும் பணம் பிக் டென் தலைவர்கள் கண்ணில் படும்.

அழைப்பு வந்தால், பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன் ஐந்து விஷயத்தை எழுத்தில் வாங்க வேண்டும். எந்த ஆண்டிலிருந்து முழுப் பங்கு. ப்ளேஆஃப் பணத்தில் முதல் ஆண்டே பங்கு உண்டா, டிவிப் பங்கோடு சேர்த்துத்தான் குறைப்பார்களா. முன்பணம் கொடுத்தால் அது கடனா, எந்தப் பங்கிலிருந்து பிடிப்பார்கள். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் டிவிக்காரர் புது உறுப்பினருக்கென்று தனியாகப் பணம் சேர்ப்பாரா, அல்லது பழைய உறுப்பினர்கள் தங்கள் பங்கிலிருந்து வெட்டிக் கொடுக்க வேண்டுமா. பின்னதாக இருந்தால் ஓட்டு விழாது. கடைசியாக, அங்கும் ஒரு கிராண்ட் ஆஃப் ரைட்ஸ் நீட்டப்படும், அதன் கெடு எந்த ஆண்டு. 2016-இல் இருபது ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டதற்குத்தான் எஃப்.எஸ்.யு. 2023-இல் நீதிமன்றப் படி ஏறியது.